அயர்ன் மெய்டனை நேரில் பார்த்த மதுரைக்காரர்கள் இருக்கிறீர்களா?

செல்லூர் தறி:

வணக்கம். 2007 மார்ச் 17, சனிக்கிழமை, பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸ். இங்கிலாந்தின் ஹெவி மெட்டல் (கிட்டார் அதிரும் கனமான ராக் இசை) குழுவான அயர்ன் மெய்டன் இந்தியாவில் முதன்முதலாக வாசித்த இரவு. மதுரையிலிருந்து நாங்கள் மூன்று பேர் போயிருந்தோம். எங்களிடம் அப்போது கேமரா வைத்த செல்போன் கிடையாது, ஒரு படம்கூட இல்லை. 2024 டிசம்பரில் அவர்களுடைய டிரம்மர் நிக்கோ மேக்பிரெய்ன் பிரேசிலின் சாவ் பாவ்லோவில் கடைசியாக வாசித்துவிட்டு, இனி மேடைப் பயணம் இல்லை என்று விலகிக்கொண்டார். அன்றைக்கே இதை எழுத நினைத்தேன், தள்ளிப் போய்விட்டது. ஞாபகத்தில் இருப்பதை இறக்கி வைக்கிறேன். நம் ஊரிலிருந்து வேறு யாராவது போயிருந்தால் நீங்களும் எழுதுங்கள்.

முந்தின நாள் இரவு மதுரை ஜங்ஷனில் தூத்துக்குடி – மைசூர் எக்ஸ்பிரஸ். முன்பதிவில்லாத பெட்டி. கரூர் தாண்டிய பிறகுதான் உட்கார இடம் கிடைத்தது. மூன்று பேரில் ஒருவனிடம் மட்டும்தான் கறுப்பு பனியன் இருந்தது. அதில் மெய்டன் ஆல்பம் அட்டைகளில் வரும் எடி என்ற பேய் உருவத்தின் முகத்தை அவனே துணிப் பெயிண்டால் வரைந்திருந்தான். கண் இரண்டும் கொஞ்சம் மேலும் கீழுமாக இருக்கும். சேலத்தில் நள்ளிரவு தாண்டி இரண்டு பையன்கள் ஏறினார்கள். அந்த பனியனைப் பார்த்ததும் ஒருவன் ஒன்றும் பேசாமல் மெய்டனின் 'தி ட்ரூப்பர்' பாட்டின் கிட்டார் மெட்டை வாயாலேயே வாசித்தான். நாங்கள் மூவரும் சேர்ந்துகொண்டோம். தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து, "எந்தக் கோயிலுக்குப்பா போறீங்க?" என்று கேட்டார். ஓசூரில் இன்னும் சிலர் ஏறினார்கள், எல்லோரும் கறுப்புச் சட்டை.

அதுவரை இந்த இசையை மதுரையில் என்னைத் தவிர நாலு பேர் கேட்பார்களா என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். அன்று மைதானத்தில் முப்பதாயிரம் பேருக்கு மேல். முதலில் டெல்லி ராக் குழுவான பரிக்ரமா வாசித்தார்கள். பிறகு மெய்டனின் பேஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் ஹாரிஸின் மகள் லாரன் ஹாரிஸ் தன் குழுவோடு வந்தார். அப்புறம்தான் மெய்டன்.

என் பெயரில் இருக்கும் தறிக்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் வீட்டு முன்கூடத்தில் விசைத்தறி ஓடியது. நான் பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில்தான் தூங்கினேன். தறி நின்றால்தான் விழிப்பு வரும். ஸ்டீவ் ஹாரிஸ் பேஸ் கிட்டாரை விரலால்தான் வாசிப்பார். குதிரை ஓடுவது போல மூன்று மூன்றாக விழும் அந்த அடியை முதன்முதலில் கேட்டபோது எனக்குக் குதிரை ஞாபகம் வரவில்லை, எங்கள் வீட்டுத் தறியில் நாடா அடிக்கும் சத்தம்தான் வந்தது. வேற்று நாட்டு இசை என்று எனக்கு ஒரு நாளும் பட்டதில்லை. அன்று அந்த அடி தரை வழியாகக் காலில் ஏறியபோது அப்பாவை நினைத்துக்கொண்டேன்.

'ஃபியர் ஆஃப் தி டார்க்' தொடங்கும்போது சொல் இல்லாத ஒரு மெட்டு வரும். அதைக் கூட்டம் பாடும். மேடையில் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்குப் பக்கத்தில் நின்றவர்கள் யார், எந்த ஊர் என்று தெரியாது. ஆனால் மூச்சு விடும் இடம்கூட எல்லோருக்கும் ஒன்றாக இருந்தது.

முடிந்து வெளியே வந்தால் ஆட்டோக்காரர்கள் எல்லோரும் முகம் வாடிப்போய் ரேடியோவைச் சுற்றி நின்றார்கள். உலகக் கோப்பையில் வங்கதேசத்துக்கு எதிராக இந்தியா 191 ரன்னுக்கு ஆல் அவுட். காலையில் தோற்றுவிட்டோம் என்று தெரிந்தது. அந்த ஊரில் அன்று சிரித்துக்கொண்டே நடந்தவர்கள் நாங்கள் மட்டும்தான் போல.

உசிலை மைக்செட்:

தம்பி, நான் 2007-க்குப் போகவில்லை. 2009 பிப்ரவரியில் அதே மைதானத்துக்கு மறுபடி வந்தார்களே, அதற்குப் போனேன். எனக்குத் தொழில் மைக்செட். உசிலம்பட்டி பக்கம் கோயில் கொடை, காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாம் செய்கிறேன். மெட்டல் எனக்குப் பழக்கமானதே தற்செயலாக. பெங்களூரில் ஒலி வாடகைக்கு விடும் கம்பெனி ஒன்றில் ஆறு மாதம் வேலை பார்த்தேன், அங்கே கூட இருந்த பையன்கள் சதா இதைத்தான் போடுவார்கள்.

எல்லோரும் மேடைக்கு முன்னால் இடித்துக்கொண்டு போனார்கள். நான் நேராக சவுண்ட் கன்சோல் இருக்கும் இடத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். கன்சோலில் இருப்பவர் தன் காதுக்கு எது சரியாகக் கேட்கிறதோ அதைத்தான் சரிசெய்வார். ஆகவே மைதானத்திலேயே நல்ல சத்தம் கிடைக்கும் இடம் அதுதான். இனிமேல் போகிறவர்கள் இதை மனதில் வையுங்கள்.

நம் ஊரில் குழாய் ஸ்பீக்கரைத் தென்னை மரத்தில் கட்டி, ஊர் எல்லை வரை கேட்க வேண்டும் என்று முழுச் சத்தம் வைப்போம். பக்கத்து வீட்டில் காது கிழியும், தள்ளிப்போனால் சொல் புரியாது. அங்கே மேடைக்கு இரண்டு பக்கமும் வாழைத்தார் போல ஸ்பீக்கர்களை வளைத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். மேலே இருக்கிற சீப்பு தூரத்தில் நிற்பவனுக்கு, கீழே இருக்கிற சீப்பு கிட்டத்தில் நிற்பவனுக்கு. நடு மைதானத்தில் இன்னொரு ஜோடி. அதில்தான் வித்தை இருக்கிறது. சத்தம் ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 70 மீட்டர் தள்ளி ஸ்பீக்கர் வைத்தால், மேடைச் சத்தம் அங்கே வந்து சேர ஐந்தில் ஒரு நொடி ஆகும். அந்த ஸ்பீக்கரில் ஒயர் வழியாகச் சத்தம் உடனே வந்துவிடும். அப்படியே விட்டால் ஒவ்வொரு அடியும் இரண்டு தடவை கேட்கும். அதனால் அந்த ஐந்தில் ஒரு நொடியைக் கணக்குப் போட்டு, நடு ஸ்பீக்கரைத் தாமதப்படுத்தி விடுவார்கள். நான் பாட்டுக்கு நடுவில் கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து பார்த்தேன். எந்த இடத்திலும் அடி இரண்டாகவில்லை. அன்று எனக்கு அழுகை வந்தது என்றால் நம்புவீர்களா? மூன்று கிட்டார், ஒரு பேஸ், டிரம், அதற்கு மேல் புரூஸ் டிக்கின்சன் குரல், எல்லாம் தனித்தனியாக நின்றன.

ஊருக்கு வந்து முதல் வேலையாகக் குழாயைக் குறைத்தேன்.

கூடல்நகர் 2003:

அண்ணே, நான் பிறந்ததே 2003. யூடியூபில் பார்த்ததுதான். உங்கள் பதிவுகளைப் படித்துவிட்டு இரவு தூக்கம் வரவில்லை. எனக்கு ஒரு சந்தேகம். இணையம் இல்லாத காலத்தில் மதுரையில் இந்தப் பாட்டெல்லாம் எப்படிக் கிடைத்தது? வரிகள் எப்படித் தெரிந்தன?

டிடிகே தொண்ணூறு:

இதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

டவுன் ஹால் ரோடு பக்கம் ஒரு சந்தில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை இருந்தது. காலி கேசட்டும் ஒரு தாளில் பாட்டு வரிசையும் கொடுத்தால் மூன்று நாளில் கிடைக்கும். எல்லோரும் இளையராஜா, ரகுமான் பட்டியல் கொடுப்பார்கள். கடைக்காரர் மகன் கப்பலில் வேலை பார்த்தார். அவர் கொண்டுவந்த சிடிக்கள் கொஞ்சம் அலமாரிக்கு மேலே தூசி பிடித்துக் கிடந்தன. 1996-ல் அட்டைப் படத்தைப் பார்த்துவிட்டு இரண்டைக் காட்டி, இதைப் பதிந்து கொடுங்கள் அண்ணாச்சி என்றேன். ஒன்று 'தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்', 1982. மற்றது 'பவர்ஸ்லேவ்', 1984. பாட்டே கேட்காமல், படத்துக்காக.

நான் கொடுத்தது 90 நிமிடக் கேசட். பக்கத்துக்கு 45 நிமிடம். முதல் ஆல்பம் சுமார் 40 நிமிடம்தான், ஏ பக்கத்தில் அடங்கிவிட்டது. பவர்ஸ்லேவ் 50 நிமிடத்துக்கு மேல். அதன் கடைசிப் பாட்டு 'ரைம் ஆஃப் தி ஏன்ஷியன்ட் மேரினர்', அது மட்டுமே 13 நிமிடத்துக்கு மேல். அந்தப் பாட்டின் நடுவில் எல்லாம் அடங்கி, காற்றில்லாத கடலில் கப்பல் மரம் கிறீச்சிடும் சத்தம் மட்டும் கேட்கும். ஒரு குரல் கவிதை வரிகளைச் சொல்லும். பிறகு பேஸ் மெதுவாக எழும், இப்போது ஏதோ நடக்கப்போகிறது என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். அந்த இடத்தில் டேப் தீர்ந்துவிடும். டக் என்று பொத்தான் மேலே எழும்பும். அவ்வளவுதான்.

ஆறு வருடம் அந்தக் கப்பல் என் அறையில் அப்படியே நின்றது.

வரிகள் பற்றிக் கேட்டாய் தம்பி. காதால் கேட்டுத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதினேன், பாதி தப்பு. ஆனால் பி.ஏ. ஆங்கிலம் சேர்ந்தபோது கோலரிட்ஜ் எழுதிய அதே கவிதை பாடத்தில் வந்தது. 1798-ல் வெளியானது. கப்பல் கரை சேருமா என்று பாடப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தவன் அந்த வகுப்பிலேயே நான் ஒருவன்தான். கதை முடிவு அப்படித்தான் தெரிந்தது. பாட்டின் முடிவை 2002-ல் பிரவுசிங் சென்டரில் ஹெட்போன் மாட்டிக் கேட்டேன்.

மேலூர் டு துபாய்:

நான் இவர்களை 2007 மார்ச்சில் துபாயில் பார்த்தேன், பெங்களூருக்கு ஒரு வாரம் முன்பு. கட்டட வேலை. எங்கள் கேம்பில் இருந்த பிலிப்பைன்ஸ் நண்பன்தான் அழைத்துப் போனான். அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஆங்கிலமே அரைகுறை. கூட்டத்தில் ஈரான்காரர்கள், லெபனான்காரர்கள் என்று எத்தனையோ நாட்டு ஆட்கள் இருந்தார்கள். அன்று இரவு முழுக்க அவனும் நானும் பாட்டாலேயே பேசிக்கொண்டோம். இன்றைக்கும் மார்ச் மாதம் வந்தால் அவன் போன் செய்வான்.

ஒத்தக்கடை வாசகி:

ரசித்துப் படிக்கிறேன். ஆனால் ஒன்று கேட்க வேண்டும், தப்பாக நினைக்காதீர்கள். 'தி ட்ரூப்பர்' பாட்டுக்கு புரூஸ் டிக்கின்சன் சிவப்புப் பட்டாளக் கோட்டு போட்டுக்கொண்டு பிரிட்டிஷ் கொடியை ஆட்டும் வீடியோக்களைப் பார்த்திருக்கிறேன். என் தாத்தாவின் அப்பா அந்தக் கொடியை எதிர்த்துச் சிறைக்குப் போனவர். அந்தப் பாட்டு வந்தால் எனக்குள் ஏதோ இறுகுகிறது. இசை பிடித்திருக்கிறது, ஆனால் கூடச் சேர்ந்து கத்த முடியவில்லை. உங்களுக்கெல்லாம் இது தோன்றியதே இல்லையா?

செல்லூர் தறி:

தோன்றியிருக்கிறது அக்கா. நல்ல கேள்வி. நான் எனக்குச் சொல்லிக்கொண்ட பதிலைச் சொல்கிறேன். அந்தப் பாட்டு 1854-ல் கிரீமியப் போரில், பாலக்லாவா என்ற இடத்தில் நடந்ததைச் சொல்வது. தவறாகப் போய்ச்சேர்ந்த ஒரு கட்டளையை நம்பி அறுநூறு குதிரை வீரர்கள் நேராக ரஷ்ய பீரங்கிகளுக்கு முன்னால் ஓடினார்கள். டென்னிசன் கவிதை நமக்குப் பள்ளியிலேயே வந்ததே, அதே சம்பவம். டென்னிசன் வெளியே நின்று அந்த வீரர்களைப் புகழ்ந்து எழுதினார். பாட்டில் பேசுவது சாகப்போகும் ஒரு சாதாரணக் குதிரைவீரன். தனியாகச் செத்துக் கிடக்கிறான், அவனுக்காக அழ யாரும் இல்லை. பேரரசின் பெருமை அதில் எங்கே இருக்கிறது? ஜெயித்த பாட்டு இல்லை அது.

டிடிகே தொண்ணூறு:

தம்பி சொல்வது பாட்டுக்குச் சரி. கொடிக்குச் சரியில்லை. அக்கா கேட்டது கொடியைப் பற்றி. அந்தக் கொடி மதுரைக்காரனுக்கு ஒன்றைச் சொல்லும், லண்டன்காரனுக்கு வேறு ஒன்றைச் சொல்லும். நான் அந்தப் பாட்டுக்குக் கத்துவேன், கொடி வரும்போது கையை இறக்கிக்கொள்வேன். இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்கலாம்.

ஒத்தக்கடை வாசகி:

கையை இறக்கிக்கொள்வேன் என்றீர்களே, அது போதும் எனக்கு. நன்றி அண்ணே.

திருநகர் மின்மினி:

மெய்டன் இழையில் இன்னொரு மெட்டல் குழுவான மெட்டாலிகா பற்றி எழுதலாமா? எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இதுவரை இங்கே ஒரு பெண் குரலும் மைதானத்திலிருந்து வரவில்லை.

2011 அக்டோபர் 30, ஞாயிறு. தீபாவளி முடிந்து நாலாவது நாள். குர்கானில் 28-ஆம் தேதி நடக்க வேண்டியது ரத்தாகிவிட்டது. பெங்களூரும் நடக்காது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் என் தம்பியும் அதற்குள் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறிவிட்டோம். விடுமுறை முடிந்து திரும்புகிற கூட்டம், நிற்க இடமில்லை. அம்மா பெங்களூர் சித்தி வீட்டுக்கென்று அதிரசமும் முறுக்கும் கொடுத்துவிட்டிருந்தார்கள். சித்தி வீட்டுக்குப் போக நேரமில்லாமல் பையோடு மைதானத்துக்கே போய்விட்டோம். வாசலில் தின்பண்டம் உள்ளே விடமாட்டோம் என்றார்கள். அப்படியே வரிசையில் நின்றவர்களுக்குக் கொடுத்தோம். கேரளப் பையன்கள், ஷில்லாங்கிலிருந்து வந்த இரண்டு பெண்கள், முடியை இடுப்பு வரை வளர்த்த ஒரு பெரியவர், எல்லோரும் அதிரசம் தின்றுகொண்டு நின்ற காட்சியை மறக்க முடியாது.

மழை பெய்து மைதானம் முழுக்கச் சேறு. நாற்று நடுகிற வயல் மாதிரி கால் உள்ளே போகும். எனக்குக் கூட்டத்தை நினைத்து பயம் இருந்தது, மறைக்கவில்லை. நம் ஊர்த் திருவிழாக் கூட்டத்தில் நாங்கள் பின்னூசி வைத்துக்கொண்டு போவோம், பெண்களுக்குத் தெரியும் எதற்கென்று. அன்றும் துப்பட்டாவில் பின்னூசி இருந்தது. முன்னால் பையன்கள் வட்டமாக ஓடி மோதிக்கொண்டார்கள். நான் ஒரு தடவை சேற்றில் வழுக்கி விழுந்தேன். விழுந்த நொடியில் நாலைந்து பேர் கையைக் கோத்து என்னைச் சுற்றி நின்றுவிட்டார்கள். ஒருவர் தூக்கிவிட்டார், இன்னொருவர் சேற்றுக்குள் கையை விட்டு என் செருப்பை எடுத்துக் கொடுத்தார். யார் கையும் தப்பாகப் படவில்லை. பின்னூசியைக் கடைசி வரை எடுக்கவே இல்லை.

'ஒன்' பாட்டுக்கு முன் விளக்கெல்லாம் அணைந்து குண்டு வெடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்த மெல்லிய கிட்டார். போரில் கை, கால், கண், காது எல்லாம் போய் உயிர் மட்டும் மிஞ்சிய ஒருவனின் பாட்டு. அத்தனை ஆயிரம் பேர் சேற்றில் அசையாமல் நின்றார்கள். என் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். பத்து வயதுக்கு அப்புறம் அவன் என் கையைப் பிடித்தது அன்றுதான்.

கூடல்நகர் 2003:

அக்கா, இதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. டிடிகே அண்ணே, ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அந்த நீளப் பாட்டை நேரில் கேட்டீர்களா?

உசிலை மைக்செட்:

அவர் சொல்வதற்குள் நான் ஒன்று. முதல் பதிவில் நிக்கோ பெயர் வந்தது, அவரைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்த ஆளுக்குப் பெரிய டிரம் அடிக்க ஒரே மிதிதான். வேகமான குழுக்களில் பெரும்பாலும் இரண்டு மிதி வைத்திருப்பார்கள். இவர் ஒரே வலது கால், அதுவும் வெறுங்கால். 2023-ல் பக்கவாதம் வந்து வலது பக்கம் பாதித்தது. மீண்டு வந்து மேலும் இரண்டு வருடப் பயணத்துக்கு வாசித்தார், எழுபது வயதுக்கு மேல். எங்கள் ஊரில் தவில் வாசிக்கும் பெரியவர் ஒருவருக்குக் கை நடுக்கம் வந்தபோது நான் இவர் வாசிக்கும் வீடியோவைக் காட்டினேன். கால் அடியை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். "அடி சுத்தம்" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் லேசில் வராது.

டிடிகே தொண்ணூறு:

கேட்டேன் தம்பி. 2008 பிப்ரவரி 1, மும்பை பாந்த்ரா குர்லா வளாகம். அவர்களுடைய உலகச் சுற்றின் முதல் நாள். போயிங் 757-ஐ புரூஸ் டிக்கின்சனே ஓட்டி வந்து இறங்கினார், ஆட்களும் வாத்தியமும் ஒரே விமானத்தில். நான் சென்னை போய் அங்கிருந்து மும்பை ரயில் பிடித்துப் போனேன். அந்தச் சுற்றில் எண்பதுகளின் பாட்டுகளைத்தான் அதிகம் வாசிக்கப்போகிறார்கள் என்று தெரியும். மேடையே பவர்ஸ்லேவ் அட்டைப் படத்தில் இருக்கும் எகிப்து.

ரைம் தொடங்கியது. முழுப் பாட்டையும் அதற்குள் நூறு தடவை கேட்டுவிட்டேன், முடிவு தெரியும். நடுவில் அந்த அமைதி வந்தது. விளக்கு நீலமாகி, புகை பரவி, கப்பல் மரம் கிறீச்சிட்டது. பேஸ் எழ ஆரம்பித்தது. அந்த இடத்தில் என் உடம்பு தானாக நின்றுவிட்டது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அந்த 'டக்' சத்தத்துக்குக் காத்திருக்கிறேன். மும்பையில், அத்தனை ஆயிரம் பேருக்கு நடுவில், பழங்காநத்தம் அறையில் இருந்த டேப் ரெக்கார்டர் பொத்தானுக்காகக் காத்திருக்கிறேன்.

பொத்தான் எழும்பவில்லை. புரூஸ் குரல் வந்தது. பேஸ் ஏறிக்கொண்டே போய், வெடித்து, மூன்று கிட்டாரும் சேர்ந்துகொண்டன. நான் பாடவில்லை, கையைத் தூக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

செல்லூர் தறி:

அண்ணே, அந்தக் கேசட் இன்னும் இருக்கிறதா?

டிடிகே தொண்ணூறு:

இருக்கிறது. போட்டுப் பார்க்கத்தான் டேப் ரெக்கார்டர் இல்லை.

உசிலை மைக்செட்:

என்னிடம் ஒரு பழைய டெக் இருக்கிறது. பெல்ட் இளகிப்போயிருக்கும், வாங்கி மாட்டி வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கேசட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள். செல்லூர் தம்பி, கூடல்நகர் தம்பி, நீங்களும் வாருங்கள். மின்மினி, உங்கள் தம்பியையும் கூட்டிக்கொண்டு வாம்மா. ஆரப்பாளையத்தில் உசிலம்பட்டி பஸ் ஏறினால் போதும், இறங்கி போன் செய்யுங்கள்.

திருநகர் மின்மினி:

வருகிறோம் அண்ணே. அதிரசம் கொண்டுவருகிறேன்.